பட்ஜெட்டுக்கு மறுநாள்

பிரிட்டனில் பட்ஜெட் வந்த மறுநாள் செய்தியாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவது ஐஎஃப்எஸ் கூட்டத்தில். இன்ஸ்டிட்யூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ். (நம்மூர் ஐஎஃப்எஸ் வேறங்க.) 1965ல் யோசிக்காமல் வரிச்சட்டம் போட்டார்கள் என்று கடுப்பான சில நிதித்துறைக்காரர்கள் 1969ல் ஆரம்பித்தது.

எனக்குப் பிடிச்சது அவங்களோட டாக்ஸ்பென் மென்பொருள். சர்வேயில் கிடைத்த ஆயிரக்கணக்கான நிஜக் குடும்பங்களின் வருமானம், வாடகை, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் உள்ளே போகும். பழைய விதிப்படி ஒருமுறை, புது விதிப்படி ஒருமுறை ஓட்டுவாங்க. வித்தியாசம்தான் விடை: யாருக்கு லாபம், யாருக்குக் கையைக் கடிக்குது. கிட்டத்தட்ட நம்ம ரெக்ரஷன் டெஸ்ட்.

காசு? பெரிய அளவில் தருவது ஈஎஸ்ஆர்சி. அதுவே அரசுப் பணத்தில் ஓடும் ஆராய்ச்சி கவுன்சில்! ஆனா கவுன்சில் தேர்ந்தெடுப்பது ஆய்வை, முடிவை அல்ல.

அதுக்கு என்ன மதிப்புன்னு 2022 செப்டம்பர் 23ல் தெரிஞ்சுது. நிதியமைச்சர் க்வாஸி க்வார்டெங், அதிகாரபூர்வ கணிப்பை வெளியிடாமலே மினி பட்ஜெட் போட்டார். 1972க்குப் பிறகு இவ்வளவு பெரிய வரிக்குறைப்பு இல்லை என்று ஐஎஃப்எஸ் அன்றே கணக்குச் சொன்னது. மூன்று வாரத்தில் அவர் பதவி போச்சு.