தர்க்கத்தின் சொற்கள் எவை?

“எல்லாக் காக்கைகளும் பறவைகள், எல்லாப் பறவைகளும் முதுகெலும்பு உடையவை, ஆகவே எல்லாக் காக்கைகளும் முதுகெலும்பு உடையவை” என்னும் அனுமானத்தில் காக்கை, பறவை, முதுகெலும்பு ஆகியவற்றுக்குப் பதிலாக வேறு எவற்றை இட்டாலும் அதன் வலிமை குன்றுவதில்லை, ஆனால் ‘எல்லா’ என்பதைச் ‘சில’ என்று மாற்றினால் அது அக்கணமே குலைந்துவிடும். இவ்வாறு அனுமானத்தைத் தாங்கி நிற்கும் ‘எல்லா’, ‘சில’, ‘அல்ல’, ‘அல்லது’ போன்றவை தர்க்கச் சொற்கள் எனப்படுகின்றன. தமிழில் எண்ணும்மையாகவும் முற்றும்மையாகவும் வரும் ‘உம்’ என்னும் இடைச்சொல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றைப் பிற சொற்களிலிருந்து பிரிக்கும் அளவுகோல் எது என்பதே தர்க்க மெய்யியலின் நெடுநாள் வினா.

போலந்தில் பிறந்த தர்க்கவியலாளர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி, 1936இல் வெளியான கட்டுரையில், இப்பிரிவினைக்குப் புறவயமான அடிப்படை எதுவும் தமக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். 1966இல் லண்டனில் ஆற்றிய உரையில், வடிவியலிலிருந்து தொடங்கி ஒரு விடையை முன்வைத்தார். ஒரு வடிவத்தை நகர்த்தினால் நீளம் மாறாது. ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் நீளம் மாறும், கோணம் மாறாது. ஒரு பக்கமாக இழுத்தால் கோணமும் மாறிவிடும். எந்த மாற்றத்தில் எது மாறாமல் நிற்கிறது என்பதைக் கொண்டு வடிவியல்களை வகைப்படுத்திய கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைனின் 1872ஆம் ஆண்டுத் திட்டத்தை டார்ஸ்கி அதன் எல்லைவரை கொண்டு சென்று, உலகிலுள்ள பொருள்களை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக எப்படி இடம் மாற்றினாலும் மாறாதிருப்பதே தர்க்கக் கருத்து என்றார்.

அமுதன் பொன்னியைவிட உயரமானவன் என்று கொள்வோம். இருவரையும் இடம் மாற்றினால் அந்த உறவு பொய்த்துவிடுவதால், ‘உயரமான’ என்பது தர்க்கச் சொல் ஆகாது. இரண்டு பொருள்களுக்கிடையிலான உறவுகளில் இச்சோதனையைத் தாண்டுபவை நான்கே: எல்லா இணைகளுக்கும் பொருந்துவது, எந்த இணைக்கும் பொருந்தாதது, ஒன்றாயிருத்தல், வேறாயிருத்தல்.

ஆயினும் ‘ஐந்து பொருள்கள்’, ‘முடிவிலாப் பொருள்கள்’ என்னும் அளவுச் சொற்களும் இதே வாயிலால் நுழைந்துவிடுகின்றன. தர்க்கத்துக்குள் கணிதம் புகுந்துவிடுகிறது என்று 1999இல் தர்க்கவியலாளர் சாலமன் ஃபெஃபர்மன் இதைக் குறையாகக் கண்டார். 1991இல் வெளியான தம் நூலில் மெய்யியலாளர் கிலா ஷேர் இதையே வரவேற்றிருந்தார். பொருள்களின் தொகுப்பான கணத்தின் உறுப்பாதல் என்னும் உறவோ, பொருள்களையும் கணங்களையும் வெவ்வேறு படிகளில் வைக்கும் வகைக் கோட்பாட்டில் தர்க்கத்துக்குரியதாகவும், கணங்களையும் பிற பொருள்களோடு ஒரே தளத்தில் வைக்கும் முறையில் தர்க்கத்துக்குப் புறம்பானதாகவும் அமையும் என்று டார்ஸ்கியே காட்டினார். ஆகவே, இடம் மாற்றத் தொடங்குமுன் எவற்றைப் பொருள்கள் எனக் கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவை இந்த அளவுகோல் தருவதில்லை.