மேசை மேல் ஆற்காட்டு முற்றுகை

கோட்டை முற்றுகை ஒன்றின் முடிவைத் தீர்மானிப்பதில், ஓவியங்களில் இடம்பெறும் இறுதித் தாக்குதலைவிட, அதற்கு முன் கழிந்த நாட்களுக்கும், அந்நாட்களில் செலவான அரிசிக்கும் வெடிமருந்துக்கும், அவை வந்து சேர்ந்த வழிகளுக்குமே பங்கு அதிகம். இதனை நூல்களில் படித்து அறியலாம்; வரைபடத்திலும் மேசையிலும் அம்முற்றுகையை விதிகளுக்கு உட்பட்டு மறுபடி நடத்திப் பார்த்தும் அறியலாம். இரண்டாவது முறைக்குப் போர் விளையாட்டு என்று பெயர். பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் 1780-இல் சதுரங்கத்தை விரித்து இத்தகைய ஆட்டமொன்றை உருவாக்கினார். 1824-இல் ரைஸ்விட்ஸ் வடிவமைத்த ஆட்டத்தைப் பிரஷ்யப் படை தன் அதிகாரிகளின் பயிற்சிக்கே ஏற்றுக்கொண்டது. 1913-இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ அதைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்கியது. ஒரே நாளில் முடியும் சண்டையை மட்டும் ஆடாமல், படை நகர்வு, உணவு வழங்கல், சண்டை ஆகிய அனைத்தையும் வாரக்கணக்கில் தொடர்ந்து ஆடுவதைப் படையெடுப்புத் தொடர் என்கிறார்கள். முற்றுகைக்குப் பொருந்துவது இவ்வடிவமே.

அதற்கு ஏற்ற களங்களுள் ஒன்று 1751-ஆம் ஆண்டின் ஆற்காடு. கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரரும், முகமது அலியை ஆங்கிலேயரும் ஆதரித்தனர். முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முடக்கப்பட்டிருந்த வேளையில், எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்காக ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட படையுடன் மதராஸிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் இறுதியில் எதிர்ப்பின்றி ஆற்காட்டைக் கைப்பற்றினார். திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்திருந்த படையிலிருந்து 4,000 பேரைச் சந்தா சாகிப் பிரித்தனுப்ப வேண்டியதாயிற்று. அவருடைய மகன் ராசா சாகிபின் தலைமையில் ஆற்காட்டைச் சூழ்ந்த படை இறுதியில் ஏறத்தாழ 10,000 ஆகப் பெருகியது. இவ்விவரங்களை ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்று நூலில் எண்ணிக்கையோடு பதிவுசெய்திருப்பது ஆட்டத்தை வடிவமைப்பவருக்குப் பெருந்துணை.

வரைபடத்தில் நடக்கும் போர்

தொடரின் முதல் தளம் வரைபடம். மதராஸ், பூந்தமல்லி, காஞ்சிபுரம், ஆற்காடு, புதுச்சேரி, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களும் அவற்றை இணைக்கும் பாதைகளும் அதில் குறிக்கப்படுகின்றன. இரண்டு அல்லது மூன்று நாட்களைக் குறிக்கும் ஒவ்வொரு சுற்றிலும், ஆட்டக்காரர்கள் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்கிறார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்பதை முழுமையாக அறிந்தவர் நடுவர் ஒருவரே என்பதால், ஒற்றர் செய்தியும் வதந்தியும் கலந்த அரைகுறை அறிவோடுதான் அன்றைய தளபதியைப் போலவே ஆட்டக்காரரும் முடிவெடுக்க நேர்கிறது.

இத்தளத்தில் மிகக் கடினமான கேள்வி ராசா சாகிபின் இடத்தில் அமர்பவருக்கே எழுகிறது. மதிலை உடைக்கும் திறன் கொண்ட, 18 ராத்தல் எடையுள்ள குண்டை வீசும் பெரிய பீரங்கிகள் இரண்டும், சிறிய பீரங்கிகள் ஏழும் புதுச்சேரியிலிருந்து ஆற்காட்டை அடைந்தபோது முற்றுகை தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருந்தது. பெரிய பீரங்கி மாடுகளின் நடை வேகத்தையே நம்பியிருப்பதால், அதை வரவழைக்கும் முடிவு முதல் சில சுற்றுகளிலேயே எடுக்கப்பட வேண்டும். தாமதித்தவருக்குப் பத்தாயிரம் பேர் இருந்தும் பயனில்லை. கிளைவின் இடத்தில் இருப்பவரோ உணவுக் கையிருப்பை ஒவ்வொரு சுற்றிலும் கழித்துக்கொண்டே, மதராஸிலிருந்து துணைப்படை வருமா என்று காத்திருக்க வேண்டும். முதலில் அனுப்பப்பட்ட துணைப்படை வழியில் தாக்கப்பட்டுப் பூந்தமல்லிக்குத் திரும்பியதும், அதன்பின் கில்பாட்ரிக் தலைமையில் மீண்டும் ஒரு படை புறப்பட்டதும் தொடரில் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சிகள்.

மதிலும் மனித எண்ணிக்கையும்

இரண்டாவது தளம் மேசை. அதில் கோட்டையின் மாதிரி நிற்கிறது. ஆற்காட்டு மதில் ஒரு மைலுக்கும் அதிகமான சுற்றளவு உடையதாகவும், பல இடங்களில் சிதைந்ததாகவும், பீரங்கி வைக்க இடமில்லாத அளவுக்கு மேற்புறம் குறுகியதாகவும் இருந்தது. அகழி சில பகுதிகளில் வறண்டும் தூர்ந்தும் கிடந்தது. முற்றுகையின் தொடக்கத்தில் உள்ளே இருந்த போர்வீரர்கள் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களுமே. இவர்களை மதில் முழுவதும் நிறுத்தினால் ஐந்து மீட்டருக்கு ஒருவர்கூடத் தேறார். இறுதித் தாக்குதலின்போது எஞ்சிய 200 பேரை வைத்துப் பார்த்தால், ஒருவர் எட்டு மீட்டரைக் காக்க வேண்டும். பத்து வீரருக்கு ஒரு பொம்மை என்று கணக்கிட்டால் கோட்டைக்குள் 32 பொம்மைகளும் வெளியே ஆயிரமும் நிற்கும். இவ்வளவு பொம்மைகளை ஒரே மேசையில் நகர்த்துவது எளிதன்று என்பதால், அந்தந்தச் சுற்றில் செயற்படும் பிரிவுகளை மட்டும் மேசையில் வைத்து, மற்றவற்றைக் குறிப்பேட்டில் வைத்திருப்பது நல்ல வழக்கம்.

பீரங்கிகள் மதிலில் ஏற்படுத்தும் திறப்புக்கு உடைப்பு என்று பெயர். உடைப்பு விழுந்ததும் கோட்டை விழுந்துவிடுவதில்லை. காப்பவர்கள் அதன் பின்புறம் குழி வெட்டி, கூர்முனைக் கட்டைகளால் வேலி அமைத்து, புதிய தடுப்பை எழுப்புகிறார்கள். எனவே பகலில் எத்தனை அடி மதில் சரிந்தது, இரவில் எத்தனை அடி தடுப்பு எழுந்தது என்ற போட்டியே ஆட்டத்தின் உயிர்நாடி. இந்த உழைப்பைக் கணக்கில் கொள்ளாத விதிமுறை முற்றுகையைச் சித்திரிப்பதாகாது.

கிளைவுக்கு உதவ முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை நெருங்குவதும், கில்பாட்ரிக்கின் படை முன்னேறுவதும் ராசா சாகிபுக்குக் காத்திருக்க நேரமில்லாமற் செய்தன. பழைய நாட்காட்டியின்படி நவம்பர் 14 அன்று, முஹர்ரம் துக்க நாட்களில், இரண்டு வாயில்களையும் இரண்டு உடைப்புகளையும் அவரது படை ஒரே வேளையில் தாக்கியது. வாயிற்கதவுகளை முட்டித் தகர்க்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டி ஓட்டிவரப்பட்ட யானைகள், துப்பாக்கிச் சூட்டில் காயமுற்றுத் திரும்பித் தம் பக்கத்தாரையே மிதித்தன. தென்மேற்கு உடைப்பை நோக்கி அகழியில் மிதவை ஒன்று வந்தபோது, கிளைவே பீரங்கியை இயக்கி அதைக் கலைத்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாக்கியவர்களில் சுமார் 400 பேர் வீழ்ந்தனர். காத்தவர்கள் 12,000 தோட்டாக்களைச் செலவிட்டிருந்தனர். அன்றிரவே முற்றுகைப்படை விலகியது.

மக்காலே 1840-இல் எழுதிய கட்டுரையின் வழியே இந்த 50 நாட்களும் ஒரு தனிமனிதரின் வீரக்கதையாக உலகெங்கும் பரவின. கிளைவின் துணிவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொடரை முறையாக ஆடுபவர், தாமதமாக வந்த பீரங்கிகள், நெருங்கி வந்த மராட்டியக் குதிரைகள், மதிலின் பெரும்பகுதியைக் காத்த பெயர் பதியப்படாத சிப்பாய்கள், இரு பக்கமும் மண் சுமந்த கூலியாட்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே முடிவை உருவாக்கின என்பதைத் தம் கணக்கேட்டிலேயே காண்கிறார். ஒரு காரணத்தை மாற்றினால் முடிவும் மாறக்கூடும் என்ற தெளிவே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம்.

ஆற்காடு, திருச்சிராப்பள்ளி, வந்தவாசி, செஞ்சி ஆகிய கோட்டைகளின் போர்களைத் தேதிகளாக மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு, ஒரு வரைபடமும் சில பகடைகளும் ஒரு நல்ல நடுவரும் பாடநூல் தராத அறிவைத் தர வல்லவை. வரலாற்று ஆசிரியர்கள் இம்முறையைத் தங்கள் வகுப்பறைகளில் ஒருமுறையேனும் முயன்று பார்க்க வேண்டும்.