கடல்நீர் மிட்டாய் யாருக்குச் சொந்தம்?

ஊருக்கு ஒரு பண்டம் – 9

அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் இருக்கிறது அட்லாண்டிக் சிட்டி. 1854-ல் ரயில் வந்ததும் பிலடெல்பியாக்காரர்கள் கோடைக்கு அங்கே குவிந்தார்கள். அவர்கள் காலோடு வந்த மணல் ஓட்டல் கூடங்களையும் ரயில் பெட்டிகளையும் பாழாக்கவே, 1870-ல் கரையோரமாகப் பலகை நடைபாதை போட்டார்கள். அந்த ‘போர்ட்வாக்’ கடைகளில்தான் ‘சால்ட் வாட்டர் டாஃபி’ பேர் எடுத்தது. கடல்நீர் மிட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் கடல்நீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. சர்க்கரை, சோளப்பாகு, வெண்ணெய், கொஞ்சம் உப்பு, சாதாரணத் தண்ணீர். செம்புக் கொப்பரையில் பாகு காய்ச்சிப் பளிங்குக் கல்லில் கொட்டுவார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் கொக்கியில் மாட்டி இழுப்பார்கள். மடித்துப் போட்டு மறுபடி இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் காற்று உள்ளே புகுந்து, பழுப்பாக இருந்த பாகு வெளுத்து மினுங்கத் தொடங்கும். நம் திருவிழாக்களில் கைக்கடிகாரமாகக் கட்டிவிடுவார்களே, அந்த ஜவ்வு மிட்டாய்க்கும் இந்த இழுவைதான் உயிர்.

பெயர் வந்த கதை இது. 1883-ல் புயல் அடித்து, டேவிட் பிராட்லி என்பவரின் கடைக்குள் கடல் புகுந்துவிட்டது. சரக்கெல்லாம் நனைந்து கிடந்த நேரத்தில் ஒரு சிறுமி வந்து டாஃபி கேட்டாள். “கடல்நீர் டாஃபிதான் இருக்கிறது” என்றார் அவர், கசப்போடு. சிறுமி ஆசையாக வாங்கிப் போனாள். உள்ளே இருந்த அவருடைய அம்மாவுக்குப் பெயர் பிடித்துப்போனது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. விற்பனைக்கு இவ்வளவு தோதான கதை, சொல்லிச் சொல்லி மெருகேறியதாகத்தான் இருக்க வேண்டும். டாஃபியும் புதிதல்ல, அமெரிக்க வீடுகளில் கூடி உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்த பண்டம்தான். ஊர் ஊராக அதைக் கொண்டுபோன பெருமையை ஜோசஃப் ஃப்ராலிங்கருக்கே கொடுப்பேன். மீன் வியாபாரம் தெரிந்த அவர், சிப்பி அடைக்கும் ஒரு பவுண்டுப் பெட்டியில் டாஃபியை அடைத்து விற்றார். கடற்கரைக்கு வந்தவர்கள் ஊருக்கு வாங்கிப்போக ஒரு பொருள் கிடைத்தது. போட்டிக்கு வந்த ஈனக் ஜேம்ஸ், பல்லில் ஒட்டாத பக்குவத்தில், வாய்க்கு அடக்கமான துண்டுகளாகப் போட்டார்.

இத்தனை பேர் உழைத்து வளர்த்த பெயரை 1923-ல் ஜான் எட்மிஸ்டன் தன் வணிகமுத்திரையாகப் பதிந்துகொண்டு, மற்ற கடைக்காரர்களிடம் உரிமைத்தொகை கேட்டார். அவர்கள் விடவில்லை, வழக்காடினார்கள். பல வருடங்களாக எல்லோரும் புழங்கிவரும் பெயர், ஒருவருக்குச் சொந்தமாகாது என்று 1925-ல் தீர்ப்பானது. சரியான தீர்ப்பு. கடை கடையாகக் கூவி விற்ற பெயருக்கு ஒரே ஒருவர் வாடகை வசூலிப்பது அநியாயம் இல்லையா?

ஃப்ராலிங்கர், ஜேம்ஸ் இரண்டு பெயர்களும் பிற்காலத்தில் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டன. ‘சால்ட் வாட்டர் டாஃபி’ மட்டும் எவர் கைக்கும் போகவில்லை. கடலே இல்லாத யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில்கூட அதே பெயரில் தயாரித்து விற்கிறார்கள்.

(தொடரும்)