கொலம்பியா நதியில் சால்மன் மீன்பிடிப்பு

பாசன விருத்தியையும் மின்சார உற்பத்தியையும் கருதி நதிகளின் குறுக்கே அணை எழுப்புதல் எல்லா நாடுகளிலும் நடைபெறும் காரியமாகும். அணையினால் வரும் லாபத்தைக் கணக்கிடுவோர், அந்நதியின் மீன்வளத்திற்கு நேரும் நஷ்டத்தையும் அதே ஏட்டில் எழுதுதல் அவசியம். இதற்கு வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓடிப் பசிபிக் சமுத்திரத்திற் கலக்கும் கொலம்பியா நதியின் வரலாறு தக்க உதாரணமாகும்.

மீனின் வாழ்க்கை

சால்மன், நன்னீரிற் பிறந்து கடலில் வளர்ந்து மீண்டும் நன்னீருக்கே திரும்பும் மீன். தமிழ்நாட்டுக் கடற்கரையில் காலா என வழங்குவதை ஆங்கிலேயர் இந்தியச் சால்மன் என்று அழைத்தபோதிலும், அது முற்றிலும் வேறு இனத்தைச் சேர்ந்தது. பெண் சால்மன், குளிர்ந்து தெளிந்த ஓடைகளின் சரளைப் படுகையில் வாலினாற் குழி பறித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மூடிவிடும். குஞ்சுகள் சில மாதம் முதல் ஓரிரு வருஷம் வரை ஆற்றில் தங்கிப் பின்னர் கடலை அடைகின்றன. அங்கே சில வருஷங்கள் இரை தின்று பருத்தபின், தாம் பிறந்த ஓடையையே நாடி வருகின்றன. அந்த ஓடை நீரின் வாசனையே அவற்றிற்கு வழிகாட்டி. ஆற்றில் நுழைந்தபின் அவை இரை கொள்வதில்லை. உடலிற் சேமித்த கொழுப்பின் பலத்தைக் கொண்டே நூற்றுக்கணக்கான மைல் எதிர்நீச்சலிடுகின்றன. பசிபிக் சால்மன் இனங்களிற் பெரும்பாலானவை முட்டையிட்டபின் மடிந்துபோகும். ஆகையால் வழியில் ஏற்படும் தடை, வரும் மீனோடு அதன் சந்ததியையும் அழித்துவிடுகிறது.

சிலைலோ அருவித்துறை

கடல்முகத்திலிருந்து சுமார் 200 மைல் தூரத்தில், கொலம்பியா நதி கரும்பாறைகளிடையே நெருக்குண்டு அருவியாக விழுந்த இடம் சிலைலோ. அருவியைத் தாண்ட வரும் மீன்கள் பாறையோரச் சுழல்களில் திரள்வது வழக்கம். அச்சுழல்களுக்கு மேல் மரப் பரண் கட்டி நின்று, நீண்ட கழியில் பொருத்திய வலையினால் அவற்றை வாரியெடுப்பது அப்பிரதேசத்துப் பூர்வகுடிகளின் முறை. பரண் கட்டும் இடங்கள் பரம்பரை பரம்பரையாகக் குடும்பங்களுக்கு உரிமைப்பட்டிருந்தன. பருவத்தின் முதல் மீனுக்கு நன்றி செலுத்தி விருந்து நடத்துவதும் அவர்களுடைய மரபு. 1805-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவ்வழியே சென்ற லூயிஸ், கிளார்க் என்னும் யாத்திரிகர்கள், உலர்த்தி இடித்த மீன் கூடை கூடையாக அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதியுள்ளனர்.

1855-ல் யாக்கமா, யுமட்டில்லா, நெஸ் பெர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய குடிகள் அமெரிக்க அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்து, பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தனர். ஆயினும், தாங்கள் வழக்கமாக மீன்பிடித்த இடங்களிற் பிடிக்கும் உரிமையை அவ்வுடன்படிக்கையிலேயே நிலைநிறுத்திக் கொண்டனர்.

வளம் குன்றிய விதம்

1866-ல் அந்நதிக்கரையில் மீனைத் தகரக் குப்பிகளில் அடைக்கும் முதல் தொழிற்சாலை ஏற்பட்டது. அதன்பின் அளவின்றிப் பிடித்தமையால் மீன்வளம் தளர்ந்தது. அதற்கு மேல் அணைகள் வந்தன. 1938-ல் திறந்த பானவில் அணையில் மீன்படிகள் அமைக்கப்பட்டன. மீன்படி என்பது, ஒன்றைவிட ஒன்று சற்றே உயர்ந்த தொட்டிகளின் வரிசை. மீன் தொட்டிக்குத் தொட்டி ஏறி அணையைக் கடக்கும். ஆனால் மேலே எழுந்த கிராண்ட் கூலி அணையின் உயரம் 550 அடி. அதில் மீன்படியே இல்லை. அவ்வணையின் நீரால் 6 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பாசனம் பெறுகிறது. அதற்கு மேலுள்ள ஓடைகளுக்குச் சால்மன் செல்லும் வழியோ அடைபட்டது. அதனால் 1940-ல், அணைநீரில் மூழ்கவிருந்த கெட்டில் அருவியில் பூர்வகுடிகள் கூடித் துக்கம் கொண்டாடினர்.

ஏறிவரும் மீனுக்குப் படி போதுமாயினும், இறங்கிச் செல்லும் குஞ்சுகளுக்கு அது போதாது. தேங்கிய நீரில் அவற்றின் பயணம் தாமதப்படுகிறது, நீர் வெப்பமேறுகிறது, பிற மீன்களுக்கு அவை இரையாகின்றன, பல குஞ்சுகள் மின்சார யந்திரச் சக்கரங்களில் அடிபடுகின்றன.

1957-ஆம் வருஷம் மார்ச் 10-ந் தேதி டால்ஸ் அணையின் கதவுகள் அடைக்கப்பட்டன. சில மணி நேரத்தில் சிலைலோ அருவி நீரில் மூழ்கியது. பூர்வகுடிகளுக்கு நஷ்டஈடு அளிக்கப்பட்டது. ஆயினும் பல ஆயிரம் வருஷமாக மீன்பிடித்த துறையை எத்தொகையும் மீட்டுத் தரவில்லை.

குடியானவர் செய்த உதவி

எனினும் மனம் தளர வேண்டுவதில்லை. கொலம்பியாவின் உபநதியாகிய யுமட்டில்லாவில் பாசனத்திற்காக நீரைத் திருப்பியதனால், கோடையில் ஆற்றின் கீழ்ப்பகுதி வறண்டு, சுமார் 70 வருஷகாலம் சால்மன் இல்லாமற் போயிற்று. அங்கே குடியானவர்களும் பூர்வகுடிகளும் வழக்காடுவதை விடுத்துப் பேசி முடிவு செய்தனர். அதன்படி 1988-ல் சட்டம் பிறந்தது. குடியானவர்களுக்குக் கொலம்பியாவிலிருந்து நீர் இறைத்துக் கொடுக்கப்பட்டது. அதற்கு ஈடாக யுமட்டில்லாவின் நீர் ஆற்றிலேயே விடப்பட்டது. குஞ்சுகளும் வளர்த்து விடப்பட்டன. பயிர் வாடவில்லை, மீனும் திரும்பியது. குஞ்சுகள் கால்வாய் வழியே வயலுக்குச் சென்று மடியாதபடி, கால்வாய்த் தலைப்பில் சல்லடைத் தடுப்பு வைப்பதும் அப்பிரதேசத்து வழக்கம்.

நமது நாட்டு அநுபவம்

கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் உள்ளம் மீனுக்கும் இத்தகைய இடையூறு நேர்ந்துள்ளது. அணைக்கட்டுகளால் அதற்குண்டாகும் தடையை 1873-லேயே டாக்டர் பிரான்சிஸ் டே தமது அறிக்கையில் எடுத்துக் காட்டினார். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரியில் அதற்கு மேல் அம்மீன் ஏற வழியில்லை. 1975-ல் பராக்கா அணை திறந்தபின் கங்கையின் மேற்பகுதிகளில் அது மிக அருகிவிட்டது.

ஆகவே, புதிய அணைக்கோ பழைய அணையின் மராமத்துக்கோ திட்டம் போடும்போதே, மீன் ஏறவும் இறங்கவும் வழி அமைப்பதையும், கோடையில் ஆற்றில் விடவேண்டிய நீரின் அளவையும் சேர்த்துத் தீர்மானித்தல் வேண்டும். பாசன சபைகளில் அங்கம் வகிக்கும் குடியானவர்கள், தங்கள் ஆற்றின் மீனவரையும் அழைத்து வைத்துப் பேசுவது இருதரத்தாருக்கும் நன்மை பயக்கும்.