காசிச் சொம்பும் இராமேசுவரமும்

காசி யாத்திரையைக் காசியோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே பெருகி வருகிறது. முன்னோர் வகுத்த முறை வேறு. சேதுக் கரையில் மணலெடுத்துப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவுறும்.

என் தந்தையார் 1994இல் காசி சென்று வந்தார். அவர் கொண்டுவந்த கங்கைச் சொம்பு மூடிய முத்திரையோடு எங்கள் பூசையறையிலேயே இருந்தது. இராமேசுவரம் போகாமலே அவர் காலமாகிவிட்டார். சென்ற ஆண்டு, 78 வயதுத் தாயாரோடு அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். (சொம்பைப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் வீண் தொல்லை.)

மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். பாம்பன் கடலை 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் கடந்தோம்.

கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடலே அக்கினி தீர்த்தம். அலை அடங்கிய கடல், முதியோரும் இறங்கலாம். பிதுர் தர்ப்பணம் இங்கேதான் செய்தேன். பிறகு அதே ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்று நீரை வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். தரை வழுக்கும், முதியோர் கையை விடவே கூடாது. ஐந்தாறு போதும் அம்மா என்றேன். "உங்கப்பாவுக்கும் சேர்த்து நான்தானே குளிக்கணும்" என்று 22ஐயும் முடித்தார்.

ஈர உடையோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடை அவசியம். இங்கே மூலவர் சீதாபிராட்டி மணலால் பிடித்த இலிங்கம். கயிலையிலிருந்து அனுமன் கொண்டுவந்த இலிங்கம் தாமதமாக வந்தது. ஆயினும் இராமபிரான் ஆணைப்படி அந்த விசுவநாதருக்கே முதல் பூசை. நாங்களும் அவரை வணங்கிய பின்னரே இராமநாதரிடம் சென்றோம்.

அபிடேகச் சீட்டைத் தேவஸ்தான அலுவலகத்தில் பெறலாம். முத்திரை உடைந்து நீர் இலிங்கத்தின்மேல் வழிந்தபோது தாயார் தந்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னார். வெறும் சொம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாலையில் தனுஷ்கோடி சென்றோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர்; 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு.

மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் ஏற்கமாட்டேன். ஓரிரவு தங்கினால்தான் விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம் கிட்டும். முதியோருடன் செல்வோர் ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள்.