சராசரி வருமானமும் நமது லாச்சியும்

"சனங்களின் கையில் காசில்லை." வியாபாரிகள் இருவர் சந்தித்தால் முதலில் வரும் பேச்சு இதுதான். உண்மையில் நாட்டில் காசு இல்லாமலில்லை. அது யாரிடம் போய்த் தங்குகிறது என்பதே கேள்வி.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, இலங்கையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால், சரி நடுவில் நின்ற குடும்பம் பெற்றது 53,333 ரூபாதான். மேலே உள்ள சிலரின் பெரிய வருமானம் சராசரியைத் தூக்கிக் காட்டுகிறது. சராசரியை நம்பிச் சரக்கு இறக்கியவருக்குச் சரக்கு தேங்கத்தான் செய்யும்.

மொத்த வருமானம் 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நூறு குடும்பங்களில் மேலேயுள்ள 20க்கு 51 ரூபா. நடுவிலுள்ள 60க்கு 44 ரூபா. அடியிலுள்ள 20க்கு 5 ரூபாவும் இல்லை.

இதனால் நமக்கென்ன? வசதி குறைந்தவருக்கு மேலதிகமாக ஆயிரம் ரூபா கிடைத்தால், அரிசி, பால்மா, பிள்ளைக்குச் செருப்பு என்று அந்த வாரமே அது ஊர்க் கடைகளுக்கு வந்துவிடும். வசதியானவருக்கு அதே ஆயிரம் கிடைத்தால் அவர் கூடுதலாகச் சோறு உண்ணப்போவதில்லை. அது பெரும்பாலும் வங்கிக்கோ காணிக்கோ போய்விடும்.

விலை ஏறும்போது இடைவெளி இன்னும் கூடுகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. வருமானத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்கே கொடுப்பவர்தான் அதில் அதிகம் நொந்தார். 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. வரி வீதம் எல்லோருக்கும் ஒன்றுதான், சுமை ஒன்றல்ல.

இதன் சமூக விளைவை நமது கடன் கொப்பியிலேயே காணலாம். ஒழுங்காகக் கணக்கு முடித்தவர் தவணை கேட்பார். பிறகு வெட்கப்பட்டு வேறு தெருவால் போவார். நாம் கடனை மட்டுமல்ல, வாடிக்கையாளரையும் இழக்கிறோம். அவரது பிள்ளை படிப்பை விட்டு வேலை தேடினால், அடுத்த தலைமுறையின் வருமானமும் சுருங்குகிறது.

நாட்டின் வருமானப் பங்கீட்டை நாம் தனியே மாற்ற முடியாது. ஆனால் நமது கடையில் நிற்கும் பையனுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறோம் என்பது நமது கையில்தான் இருக்கிறது. அதை வெறும் செலவாகவே எழுதிப் பழகிவிட்டோம். அந்தச் சம்பளம்தான் பக்கத்துக் கடையின் வியாபாரம். பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கும் சம்பளம் நமது வியாபாரம்.