கிளி பாயும்போது திறக்கும் வழி

கிளித்தட்டு விளையாட்டில் இறங்கி ஓடுபவர்களை மிரட்டுவது, மறிக்கும் அணியில் கிளி எனப்படும் ஆட்டக்காரர்தான். நீள்சதுரத்தை நடுக்கோடு ஒன்று பிளக்கிறது. குறுக்கே கீறிய தட்டுகள் அதைப் பெட்டிகளாக்குகின்றன. தட்டு மறிப்பவர் தம் குறுக்குக்கோட்டில் இடமும் வலமும்தான் அசையலாம். நடுக்கோட்டிலும் எல்லைக்கோடுகளிலும் மேலும் கீழும் ஓடும் உரிமை கிளிக்கு மட்டுமே. துடியான கிளி பாய்ந்து வந்தால், முன்னும் பின்னும் மறிப்பவர், பக்கத்தில் கிளி என்று ஒருவர் பெட்டிக்குள் அடைபட்டுப்போவார். கண்டதும் சிதறி ஓடுவதே பலருக்குப் பழக்கம். அது வாய்ப்பைக் கைவிடுவது என்பேன். கிளி ஒன்றே ஒன்று. முதல் தட்டருகே அது துரத்தும்போது மூன்றாம் தட்டருகே நடுக்கோடு காவலின்றிக் கிடக்கிறது. அங்குள்ள இருவர் இடமும் வலமுமாகப் பிரிந்தால் ஒரே மறிப்பவர் முழு அகலத்தையும் காக்கவேண்டும். அவர் ஒரு பக்கம் சாய்ந்த கணத்தில் மறுபக்கத்தவர் கடந்துவிடுவார். ஆகவே துரத்தப்படுபவரின் வேலை, கைக்கு எட்டாத் தொலைவில் நின்று கிளியை அங்கேயே பிடித்துவைப்பது.

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்து எறியும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்த எதிரணி பாய்வதற்கும் இதே கணக்குத்தான். வழமையாக நால்வர் பாய்வர். 11 பேரில் 6 பேர் பாய்ந்தால் பின்னே 5 பேரே மிச்சம். ‘ஸ்கிரீன்’ என்னும் உத்தியில் எறியும் அணியின் தடுப்பாளர்கள் வேண்டுமென்றே வழிவிடுகிறார்கள். பாய்ந்தவர்களின் தலைக்கு மேலாகப் பந்து, அவர்கள் விட்டுவந்த வெளியில் நிற்பவரிடம் போகிறது. அங்கே பந்து பறக்கிறது, இங்கே காலை மட்டுமே நம்பவேண்டும் என்று மறுக்கலாம். பல ஊர்களில் ஒருவர் தொடப்பட்டு அடிபட்டாலே முழு அணியும் மறிக்கப் போகவேண்டும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் அந்த ஆபத்தை இரையாக நிற்பவர் உண்டாக்கவில்லை. கிளி தன் ஆளைத் தேர்ந்தபோதே அது வந்துவிட்டது. அந்தச் சில நொடிகளை மற்றவர்கள் வீணாக்குவதா என்பதே கேள்வி. புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மணலில் கோடு கீறினால் இரைக்கு இன்னொரு துணையும் உண்டு: முழு வேகத்தில் வரும் கால் திரும்ப ஊன்றும்போது மண் இளகிக்கொடுக்கும், வேகம் கூடக்கூடத் திரும்புவதும் தாமதமாகும். பொறுமையான கிளி இரைக்கு மசியாதே என்றால், அப்போது பாய்ச்சலே இல்லை. தட்டு மறிப்பவரை மட்டும் ஏமாற்றினால் போதும். கடைசித் தட்டையும் கடந்து உப்பெடுத்துத் திரும்பும்போதுதான் இந்த உத்தி அதிகம் தேவைப்படுகிறது. வாசலில் கிளி காத்திருக்கும். முன்பெட்டியில் இன்னும் நிற்பவர் அதைப் பக்கவாட்டில் இழுக்காவிட்டால், எல்லாத் தட்டும் கடந்து வந்தவர் கடைசிக் கோட்டில் அடிபடுவார்.